ஒரு காலில் 5 கிலோ

சுவிஸின் பெர்ன் நகரில் எங்கள் வீட்டு நிலவறையில் மூன்று சோடி ஸ்கீக்கள், அதாவது பனிச்சறுக்குப் பலகைகள், நிற்கின்றன. ஒன்று பாரம் கூடிப்போனதால் கைவிட்டது. அடுத்தது பாரம் குறைந்துபோனதால் கைவிட்டது. மூன்றாவதைத்தான் 6 பருவமாகப் பாவிக்கிறேன். அந்த மூன்றாவதற்கு வந்துசேர எனக்கு 4 வருடம் பிடித்தது. காசு எவ்வளவு போனது என்பதை மனைவிக்கு இன்னும் முழுதாகச் சொல்லவில்லை.

நான் சொல்வது லிஃப்டில் ஏறி, உருட்டிச் சமப்படுத்திய பாதையில் இறங்கும் ஸ்கீ அல்ல. ஸ்கீயை மாட்டிக்கொண்டே மலையில் நடந்து ஏறி, உச்சியில் குதிக்காலைப் பூட்டிக்கொண்டு, யாரும் சமப்படுத்தாத பனியில் சறுக்கி இறங்குவது. ஏறும்போது ஸ்கீயின் அடியில் ஒரு நீளப் பட்டையை ஒட்டுவோம். ஒரு காலத்தில் கடல்நாயின் தோலாக இருந்ததால் இன்றைக்கும் அதற்குத் தோல் என்றுதான் பெயர். இப்போது மோஹேர் ஆட்டு மயிரிலோ நைலோனிலோ இரண்டும் கலந்தோ செய்கிறார்கள். முன்னுக்குத் தள்ளினால் வழுக்கும், பின்னுக்கு வழுக்காது. பூனையின் முதுகை இரண்டு பக்கமும் தடவிப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்.

அம்மாவுக்கு மட்டும் இன்றுவரை விளங்கவில்லை. "மேல போறதுக்குக் கம்பிக் கார் இருக்கேக்க நீ ஏனடா நடந்து ஏறுறாய்?" என்று ஒவ்வொரு மார்கழியும் கேட்பார்.

முதல் சோடியை இலையுதிர் காலத்தில் நடக்கும் பழைய ஸ்கீச் சந்தையில் 280 பிராங்குக்கு வாங்கினேன். பள்ளிக்கூட ஸ்கீ முகாமில் 13 வயதில் சறுக்கப் பழகியவன் நான். ஸ்கீ என்றால் ஸ்கீதானே என்று நினைத்தேன். அது சமப்படுத்திய பாதைக்கென்று செய்த ஸ்கீ. மேலே சட்டம்போல ஒரு பைண்டிங், அதாவது சப்பாத்தை ஸ்கீயோடு பிடித்துவைக்கும் பூட்டு. அதில் சப்பாத்து நிற்கும் தட்டு முழுதும் குதிக்காலோடு சேர்ந்து எழும்பும், அதாவது ஒவ்வொரு அடிக்கும் பைண்டிங்கின் பெரும்பகுதியை நாமே தூக்குகிறோம்.

குர்னிகல் கணவாயிலிருந்து ப்யூர்க்லென் உச்சிக்கு 600 மீட்டர் ஏற்றம்கூட இல்லை. பெர்ன்காரர்கள் வேலை முடிந்த பின்னேரம் போய்வரும் மலை. எனக்கு 2 மணி 40 நிமிடம் எடுத்தது. மூச்சு வாங்கவில்லை, தொடையும் நோகவில்லை. இடுப்புக்கு முன்னால், காலைத் தூக்கும் அந்த இடம் மட்டும் நெருப்பாக எரிந்தது. கூட வந்த வேலையிடத்து நண்பர் பெர்னின் மலைப்பகுதியான ஓபர்லாண்டின் மனிதர், என்னைவிட 15 வயது மூத்தவர். ஒவ்வொரு திருப்பத்திலும் எனக்காக நின்று தேநீர் குடித்தார். இறங்கிய பிறகு தன் ஸ்கீ ஒன்றை என் கையில் தந்தார், ஒன்றும் சொல்லவில்லை. அகப்பை மாதிரி இருந்தது.

அன்றிரவு சமையலறைத் தராசை எடுத்தேன். நான் இயந்திரப் பட்டறையில் வேலை செய்பவன். அளக்காமல் எதையும் நம்ப வராது. சின்னத் தராசில் ஸ்கீ நிற்காது, எண்ணும் மறைந்துவிடும். இடியப்பத்துக்கு மாக் குழைக்கிற சட்டியைக் கவிழ்த்துவைத்து, தராசைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து, அதற்கு மேல் ஸ்கீயைக் குறுக்கே கிடத்தி எடைபோட்டேன். ஸ்கீ 1.9 கிலோ, பைண்டிங் 1.1, சப்பாத்து 2. ஒரு காலில் 5 கிலோ. ஒரு சின்ன அரிசி மூட்டையைக் கட்டிக்கொண்டு மலையேறியிருக்கிறேன்.

பிறகு ஒரு கணக்கும் போட்டேன். 1,000 மீட்டர் ஏற்றத்துக்குப் பாதை ஏறக்குறைய 6 கிலோமீட்டர். அடிக்கு 60 சென்டிமீட்டர் என்றால் 10,000 அடி, ஒரு காலுக்கு 5,000. ஒரு கிலோ குறைத்தால் ஒரு காலுக்கு 5 டன் மிச்சம்! இந்தக் கணக்கைக் கடைக்காரர்களும் சொல்வார்கள். அது முழுக்கச் சரியில்லை. நல்ல ஏறு நடையில் ஸ்கீயை யாரும் தூக்குவதில்லை, பனிமேல் இழுத்துத்தான் போகிறோம். தூக்குவது சரிவில் இடம் வலமாகத் திரும்பும்போதும், புதுப்பனியில் வழி உடைக்கும்போதும், பழகாதபோதும். என் இடுப்பு எரிந்ததற்குப் பாதிக் காரணம் நான் படியேறுவதுபோல ஏறியதுதான். ஓசியில் கிடைக்கும் பாரக்குறைப்பு அது ஒன்றே: காலைத் தூக்காமல் தேய்த்து நடக்கப் பழகுங்கள்.

ஆனால் 5 கிலோவை நடையால் மட்டும் சரிக்கட்ட முடியாது. பார்த்தால் விடை ஏற்கனவே கடைகளில் நிறைந்திருந்தது. 1980களில் ஆஸ்திரியாவின் தீரோல் பகுதியைச் சேர்ந்த ஃபிரிட்ஸ் பார்ட்டெல் என்பவர், சப்பாத்தின் நுனியில் இரண்டு சின்ன உலோகக் குழிகள் வைத்து, அவற்றை இரு பக்கமும் இரண்டு ஊசி பிடிக்கும்படி ஒரு பைண்டிங் செய்தார். சப்பாத்து அந்த ஊசிகளில் கதவுக் கீல்போலச் சுழலும். குதிக்கால் பகுதி ஸ்கீயிலேயே நின்றுவிடும், காலோடு எழும்பாது. டைனாஃபிட் நிறுவனம் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இன்று இலேசான பைண்டிங் என்று விற்கிற எல்லாமே ஏறக்குறைய இந்த ஊசி முறைதான். பந்தயத்துக்கு உள்ளது 120, 150 கிராம். சாதாரணப் பயணத்துக்கு உள்ளது 250 முதல் 400 கிராம் வரை.

எனக்குப் பந்தயக் கிறுக்குப் பிடித்தது இங்கேதான். எங்கள் பட்டறையில் ஒருவர் பத்ருயி தே கிளாசியே பந்தயத்துக்குப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார். செர்மாட்டிலிருந்து அரோலா வழியாக வெர்பியே வரை, மூன்று பேர் குழுவாக இரவோடிரவாக ஓடுவது. 1943இல் தொடங்கியது, இன்றும் சுவிஸ் இராணுவம்தான் நடத்துகிறது. அவர் புதுச் சோடி வாங்கியதால் பழையதை எனக்கு விற்றார். இடுப்பகலம், அதாவது ஸ்கீயின் நடுப்பகுதி அகலம், 65 மில்லிமீட்டர், ஒன்று 740 கிராம். கையில் எடுத்ததும் சிரிப்புத்தான் வந்தது. அதற்கேற்ற 1.25 கிலோ சப்பாத்து ஒன்றும் வாங்கினேன்.

முதல் சறுக்கல் பனிக்குப் போகுமுன்பே வந்தது. சப்பாத்தின் அடி நீளம் என்று ஒன்று உண்டு. குதிக்கால் பக்கத்தில் 297, 305 என்று மில்லிமீட்டரில் பொறித்திருக்கும். ஒரே கால் அளவுக்கும் கம்பனிக்குக் கம்பனி அது மாறும். பந்தய பைண்டிங்கில் குதிக்கால் பகுதி ஒரே இடத்தில் முடுக்கப்பட்டிருக்கும், முன்பின் நகராது. அவருடையது 297, என்னுடையது 305. வேறு வழியில்லாமல் புதுத் துளை போட வேண்டியதாயிற்று. 740 கிராம் ஸ்கீயில் ஆணி பிடிக்கிற இடம் நிறையக் கிடையாது. பழைய துளைக்கு மிக அருகில் புதியதைப் போட்டால் ஆணி பிடுங்கிக்கொண்டு வரும். பழைய ஸ்கீ வாங்குகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது விலையை அல்ல: எந்த அடி நீளத்துக்கு மாட்டியது, எத்தனை தடவை துளைத்தது.

ஏறுவதற்கு அது சொர்க்கம்தான், பொய் சொல்லக்கூடாது. டீம்டிக்தால் பள்ளத்தாக்கில் ரவ்ஃப்லிஹோர்ன் என்று ஒரு மலை, 2,300 மீட்டருக்குச் சற்று மேல். பங்குனி மாதம், 1,000 மீட்டருக்கு மேற்பட்ட ஏற்றம். ஓபர்லாண்ட் நண்பருக்கு முன்னால் உச்சிக்குப் போய், பாணும் சீஸும் சாப்பிட்டு முடித்து அவருக்காகக் காத்திருந்தேன். அந்த 20 நிமிடப் பெருமைக்கு இறக்கத்தில் வட்டியும் முதலுமாகக் கட்டினேன்.

முதல் நாள் வெயிலில் உருகி, இரவில் இறுகிய பனி. மேலே அப்பளம், கீழே மா. நேராகப் போகும்வரை தாங்கும். திரும்புவதற்காகப் பாரத்தை ஒரு காலில் போட்டதும் ஓடு உடைந்து ஸ்கீ உள்ளே போகும். அகலமான, கொஞ்சம் பாரமான ஸ்கீ அந்த ஓட்டை உடைத்துக்கொண்டே போகும். என்னுடைய 65 மில்லிமீட்டர் கீற்று உள்ளே நுழைந்து, ஓட்டின் விளிம்புக்கு அடியில் மாட்டிக்கொண்டது. உடம்பு பள்ளத்தாக்குப் பக்கம், ஸ்கீ காட்டுப் பக்கம். முதல் 300 மீட்டரில் 7 தடவை விழுந்தேன். எட்டாவதில் முழங்கால் முறுகியது. பைண்டிங் விடவில்லை. சில பந்தய பைண்டிங்குகளில் கால் விடுபடும் விசையைக் கூட்டிக் குறைக்கவே முடியாது, செய்தபடிதான். என்னுடையது என்னைவிடப் பாரமான, பலமான ஒருவருக்கு ஏற்றது. மீதி இறக்கத்தைப் பக்கவாட்டில் வழுக்கியும், நின்ற இடத்தில் காலைத் தூக்கித் திரும்பியும் கடந்தேன். நண்பர் ஒரே சீராக, அவசரமில்லாமல், தையல் போடுகிறமாதிரி இறங்கிப்போய்க் கீழே நின்றார். இந்தத் தடவையும் தேநீர் குடித்தார்.

முழங்காலுக்கு 5 கிழமை ஓய்வு. யோசிக்க நேரம் கிடைத்தது.

பாரம் குறையும்போது ஸ்கீ எதையெல்லாம் விட்டுக்கொடுக்கிறது என்று அப்போதுதான் தேடிப் பார்த்தேன். உள்ளே இருக்கும் மரம்தான் முதலில் மாறுகிறது. பாரமான ஸ்கீயில் ஆஷ் போன்ற அடர்த்தியான மரம், இலேசானதில் பௌலோனியா. மேலே கார்பன் நார் சுற்றினால் விறைப்புக் கிடைக்கும், அதிர்வை அது அவ்வளவாக விழுங்காது. அதிர்வை விழுங்குவதற்கு டைட்டனால் என்ற அலுமினியக் கலவைத் தகடு வைப்பார்கள், அது பாரம். இறுகிய பனியில் இலேசான ஸ்கீ கடகடவென்று பல்லைக் கிட்டுவது இதனால்தான். பந்தயக்காரர் அதைத் தொடைப் பலத்தால் அமத்திப் பிடிப்பார். அவருக்கு இறக்கம் சில நிமிடம். எனக்கு இறக்கத்துக்காகத்தான் ஏற்றமே.

ஸ்கீயோடு மலையேறி இறங்கும் இந்தப் பந்தய விளையாட்டு 2026 மிலானோ-கோர்ட்டினா குளிர்கால ஒலிம்பிக்கில் முதன்முதலாக இடம்பெற்றது. அதற்குப் பிறகு 700 கிராம் ஸ்கீயைத் தேடுகிறவர்கள் கூடியிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. என்னிடம் கேட்பவர்களாவது கூடியிருக்கிறார்கள். பந்தய விதிப்படி ஆண்களுக்கு 160 சென்டிமீட்டர், பெண்களுக்கு 150 என்று குறைந்தபட்ச நீளம் வைத்திருக்கிறார்கள். அந்தக் கோட்டை ஒட்டியே ஸ்கீ செய்கிறார்கள். கடையில் அந்த நீளத்தைப் பார்த்து, "எனக்கும் இது போதும்" என்று நினைத்துவிடாதீர்கள்.

அடுத்த பருவத்தில் வாங்கவில்லை, வாடகைக்கு எடுத்தேன். எங்கள் பக்கத்துக் கடைகள் சிலவற்றில், பிறகு வாங்கினால் வாடகைக் காசைக் கழித்துக்கொள்வார்கள். மூன்று சனிக்கிழமை, மூன்று சோடி, ஒரே மலை. மலையை மாற்றாதது எனக்கு நன்றாக உதவியது. 98 மில்லிமீட்டர் அகலமான 1.6 கிலோ சோடி, தை மாதத்துப் புதுப்பனியில் தலையணைமேல் போவதுபோல இருந்தது. ஆனால் காலையில் இறுகிய சரிவைக் குறுக்கே கடக்கும்போது அகலமான ஸ்கீயின் விளிம்பு கணுக்காலுக்கு வெளியே தள்ளி நிற்கும். அது கணுக்காலை முறுக்கிக்கொண்டே இருந்தது. 78 மில்லிமீட்டர், 1 கிலோ சோடி ஏற்றத்துக்கு நல்லது, அப்பளப் பனியில் பழைய ஞாபகம். நடுவில் நின்றது 84 மில்லிமீட்டர், 164 சென்டிமீட்டர். அதையே வாங்கினேன். என் உயரம் 172. உயரத்தைவிட 5 முதல் 10 சென்டிமீட்டர் குறைவு என்பது இங்கே பலரும் சொல்லும் கணக்கு, செங்குத்துச் சரிவில் காலைத் தூக்கித் திரும்பும்போது அதன் அருமை தெரியும்.

அட்டையில் 1,180 கிராம் என்று இருந்தது. சட்டியைக் கவிழ்த்துப் போட்டுப் பார்த்தேன். ஒன்று 1,212, மற்றது 1,236. ஒரே சோடிக்குள் 24 கிராம் வித்தியாசம். இது குற்றமில்லை, மரம் மரம்தான். 30 கிராமுக்காக 200 பிராங்கு கூடக் கொடுக்க நினைப்பவர்கள் இதை ஒருதடவை செய்து பார்க்கலாம். எடையை அகலத்தோடும் நீளத்தோடும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதும் முக்கியம்: 164க்கு 84 அளவில் 1,200 கிராம் ஒழுங்கான ஸ்கீ, 180க்கு 100 அளவில் அதே 1,200 என்றால் அது காற்றில் படபடக்கும் கடதாசி.

ஆனால் இதையெல்லாம்விடப் பெரிய மாற்றத்தை உண்டாக்கியது ஸ்கீ இல்லை, சப்பாத்து. அதை நான் தற்செயலாகத்தான் சரியாகச் செய்திருந்தேன். ஒரு காலுக்கு 750 கிராம் அங்கே குறைந்தது. இன்னொன்று, ஏறும்போது கணுக்கால் முன்பின் தாராளமாக அசைந்தால் அடி நீளும், இடுப்பு சும்மா இருக்கும். பழைய 2 கிலோ சப்பாத்து காலைக் கிணற்று வளையத்துக்குள் விட்டமாதிரி. இறக்கத்தில் ஸ்கீயைத் திருப்புவதும் சப்பாத்துத்தான். 1 கிலோ மெல்லிய சப்பாத்தால் 1.7 கிலோ அகல ஸ்கீயைத் திருப்பப் பார்ப்பது, கரண்டிக் காம்பால் உலக்கையை நெம்புவது போன்றது. அதனால் முதலில் சப்பாத்து. பாதம் கொஞ்சம் வீங்கிய பின்னேர நேரத்தில், நீங்கள் போடும் அதே காலுறையோடு, கடைக்குள்ளேயே அரை மணி நேரம் நடந்து பார்த்து. அதன் பிறகு அந்தச் சப்பாத்தால் ஆளக்கூடிய ஸ்கீ.

மூன்றாவது சோடியில் ஒரு காலுக்கு ஸ்கீ 1.2, பைண்டிங் 0.35, சப்பாத்து 1.25. மொத்தம் 2.8 கிலோ. முதல் சோடியில் பாதியைவிடச் சற்றுக் கூட. பந்தயச் சோடியைவிட 650 கிராம் கூடுதல். அதில் 460 கிராம் ஸ்கீ, மீதி பைண்டிங்.

பைண்டிங்கில் நான் விரும்பிச் சேர்த்த பாரம் இரண்டு. ஒன்று, விடுபடும் விசையை என் எடைக்கேற்ப மாற்றக்கூடியது. மற்றது தடைக்கொம்பு: கால் கழன்றால் பனியில் குத்தி ஸ்கீயை நிறுத்துவது. அதற்குப் பதிலாகச் சப்பாத்தோடு கயிற்றால் கட்டிக்கொள்பவர்களும் உண்டு, அது இலேசு. பனிச்சரிவில் சிக்கினால் கயிற்றில் கட்டிய ஸ்கீ ஆளை உள்ளே இழுக்கும் என்பதால் எனக்கு மனமில்லை. ஊசி பைண்டிங்கில் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. சப்பாத்து நுனியின் குழிகளில் பனி புகுந்து ஐஸாக இறுகும். ஊசி உள்ளே போனமாதிரி "டக்" என்று சத்தம் கேட்கும், உண்மையில் பாதிதான் போயிருக்கும். கான்ட்ரிஷ் மலைப் பக்கம் ஒருநாள் மூன்றாவது திருப்பத்தில் என் சப்பாத்து தன் பாட்டில் கழன்றது. இப்போது குழிகளைத் தடியின் முனையால் சுரண்டி, நுனியை மாட்டியதும் காலை 5, 6 தரம் முன்பின் ஆட்டி, அதன் பிறகுதான் குதிக்காலை அமத்துகிறேன்.

பாரத்தை மிச்சம் பிடிக்கக் கூடாத இடங்களும் உண்டு. பனிச்சரிவில் புதைந்தவரைக் கண்டுபிடிக்கும் தேடுகருவி, உலோக மண்வெட்டி, நீளமான துழாவுகோல். பனிச்சரிவில் வந்து நிற்கும் பனி சீமெந்துபோல இறுகும். பிளாஸ்டிக் மண்வெட்டி வளையும். டாவோஸில் உள்ள பனி ஆராய்ச்சி நிலையம் மாலை 5 மணிக்குப் பனிச்சரிவு அறிக்கை வெளியிடுகிறது, குளிர்காலத்தில் காலை 8 மணிக்கும். அதை வாசிக்க ஒரு கிராமும் செலவில்லை. அடுத்தது ஹார்ஷ்ஐசன் என்று இங்கே சொல்லும் பல்லுத் தகடுகள். ஐஸாக இறுகிய ஏற்றத்தில் பைண்டிங்கில் செருகிக்கொள்வது. ஸ்கீயின் அகலத்துக்கேற்ற அளவில் வாங்க வேண்டும். 98 மில்லிமீட்டர் ஸ்கீக்கான தகட்டை 84 ஸ்கீயில் போட்டால் பல்லு பனியைப் பிடிக்குமுன் ஆடும். தோலில் நான் மோஹேர் கூடிய கலவையை எடுத்தேன், வழுக்கம் நல்லது, சுருட்டினால் சின்னது. இடைவேளையில் கழற்றினால் ஜாக்கெட்டுக்குள் வயிற்றோடு வைத்துக்கொள்வேன். குளிரில் விறைத்த பசை ஒட்டாது.

இந்தச் சோடியோடு வில்ட்ஷ்ட்ரூபெல் போனேன், 3,244 மீட்டர். அடெல்போடனிலிருந்து எங்ஸ்ட்லிகெனால்ப் வரை, ஏறக்குறைய 1,960 மீட்டருக்கு, கேபிள் கார் உண்டு. அம்மாவிடம் சொன்னேன், அன்று பாதி வழி கம்பிக் காரில்தான் போனேன் என்று; மிகவும் சந்தோஷப்பட்டார். ஏற்றத்தில் நண்பருக்குப் பின்னால்தான் வந்தேன், ஒரு 10 நிமிடம். இறக்கத்தில் மேலே காற்று அடித்து இறுக்கிய பனி, நடுவில் மா, கீழே அதே அப்பளம். அப்பளத்தில் அழகாக இறங்கினேன் என்று சொல்லமாட்டேன். விழவில்லை. ஸ்கீ உள்ளே போனது, நான் அமத்தினேன், ஓடு உடைந்தது, வெளியே வந்தது. கீழே வந்தபோது அவருடைய பிளாஸ்கில் எனக்கும் ஒரு கோப்பை தேநீர் மிச்சமிருந்தது.

போன கிழமை மச்சான் ஒருவர் சூரிச்சிலிருந்து படம் அனுப்பியிருந்தார். கழிவு விலையில் அகப்பட்டதாம், 102 மில்லிமீட்டர் அகலம், 1.7 கிலோ, பளபளவென்று செம்மஞ்சள் நிறம். "எப்படி இருக்கு?" என்று கேட்டிருந்தார். சப்பாத்து எத்தனை கிலோ என்று கேட்டு எழுதினேன். இன்னும் பதில் வரவில்லை.